ஹெட்போனில் கேட்டதும் ஹாலில் கேட்டதும்

எங்கள் இசைக்குழுவில் கீபோர்டு வாசிக்கும் அக்காவுக்குத் தோள்பட்டை போனதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பத்தொன்பது கிலோ எடையுள்ள கீபோர்டை இருபத்தாறு வருடம் தானே தூக்கி வண்டியில் ஏற்றி, தானே இறக்கி வாசித்தவர். யாராவது கை கொடுக்கப் போனால், "விடுங்க, அதை எங்கே பிடிக்கணும்னு எனக்குத்தான் தெரியும்" என்று தள்ளிவிடுவார். எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே ஒரு பக்கெட் தண்ணிகூடத் தூக்கக் கூடாது" என்று முடித்துவிட்டார்.

நான் அந்தக் குழுவில் மைக் பிடித்துப் பேசுகிறவன். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கூட்டத்தைச் சிரிக்க வைப்பது என் வேலை. ஒலியைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் அக்கா பட்ட பாட்டில் பாதியை நேரில் பார்த்தேன். மீதியை அவரே சொல்லக் கேட்டேன், அதுவும் ஒருமுறை அல்ல.

குழுத் தலைவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் விஷயத்தைக் கேட்டதும் வெகு சுலபமாகச் சொன்னார்: "காலம் மாறிப்போச்சுக்கா. இப்ப யாரு பெட்டியத் தூக்கிட்டு அலையறாங்க? எல்லாம் லேப்டாப்புக்குள்ளேயே வந்துருச்சு. சின்னதா ஒரு கட்டைப் பலகை மட்டும் வாங்கி வயரைச் சொருகுங்க, முடிஞ்சுது." கம்ப்யூட்டருக்குள் ஓடும் சிந்தசைசரைத்தான் அப்படிச் சொன்னார். பியானோ, வயலின், குழல், ஆர்கன் என்று எந்த ஒலி வேண்டுமானாலும் அந்த மென்பொருள் உருவாக்கித் தரும். வெளியே இருக்கிற கட்டைப் பலகைக்குச் சொந்தக் குரல் கிடையாது. விரல் பட்டதைத் தெரிவிப்பதோடு அதன் வேலை முடிந்தது.

இணையத்தில் எல்லோரும் தூக்கிவைத்துப் பேசிய ஒன்று இருந்தது. மொத்தம் இரண்டாயிரத்து நானூறு ஒலிகள். விலை நான்கு கச்சேரிக்கு அக்கா வாங்கும் சம்பளம். அதுவும் தள்ளுபடி போக. தள்ளுபடி முடியப் பதிமூன்று நாள் என்று அந்தப் பக்கத்தின் தலையில் ஒரு கடிகாரம் வினாடி வினாடியாகக் குறைந்துகொண்டிருந்தது. பதினான்கு நாள் இலவசமாக வாசித்துப் பார்க்கலாம். ஆனால் நிமிடத்துக்கு ஒருமுறை 'உஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் வரும். காசு கொடுத்தால்தான் அது நிற்கும்.

வெளியூரில் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கும் மகள், தன் பழைய லேப்டாப்பை அம்மாவுக்குக் கொடுத்திருந்தாள். அவள் போனிலேயே சொல்லச் சொல்ல, அக்கா அதை இறக்கி ஓடவிட்டார். "அம்மா, வலது பக்கம் அமுக்கு. வலதும்மா! நீதானே வாசிக்கிறவ, உனக்கே இடது வலது தெரியலேன்னா எப்படி?" என்று மகள் கத்தியதைச் சொல்லும்போது மட்டும் அக்கா சிரிப்பார்.

முதல் நாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, புதிதாக வாங்கிய பலகையில் ஒரு கட்டையை அழுத்தியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு விரலுக்கே ஒரு பெரிய அரங்கம் எழுந்து நிற்பதுபோல இருந்ததாம். வயலின்கள் இடது காதில் தொடங்கி வலது காதுவரை விரிந்தன. அழுத்திய விரலை எடுத்த பிறகும் ஒலி வெகுநேரம் காற்றில் மிதந்தது. அன்று மாலை எனக்குப் போன் போட்டு, "இத்தனை வருஷம் எதைத்தான் தூக்கிச் சுமந்தேன்னு இருக்கு" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் இரண்டே நாள்தான்.

எங்கள் ஒத்திகை அறை ஒரு அச்சகத்துக்கு மேலே. சுவரெல்லாம் பழைய மெத்தை அடித்திருப்போம். அக்கா லேப்டாப்பைத் தோள்பையில் வைத்துக்கொண்டு துள்ளலாக மாடியேறி வந்தார். வயரைச் சொருகினார். பாட்டு ஆரம்பித்தது. முதல் இடையிசையில் வயலின்கள் எழவேண்டிய இடத்தில், ட்ரம்ஸுக்குப் பின்னால் யாரோ வாய்க்குள் முணுமுணுப்பதுபோல ஏதோ கேட்டது.

மாஸ்டர் கையைத் தூக்கி நிறுத்தினார். "அக்கா, அழுத்தி வாசிங்க."

"அழுத்தித்தான் வாசிக்கிறேன்."

"கேக்கவே இல்லையே?"

ஒலியைக் கூட்டினார்கள். இப்போது முணுமுணுப்பு போய், அறை முழுக்கப் பனிமூட்டம் இறங்கியதுபோல ஒரு மொத்தையான இரைச்சல். எந்தச் சுரம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ஒன்றும் பிடிபடவில்லை. அதற்கு நடுவில், பாடகி மெல்லிய குரலில் சரணத்தைத் தொடங்கிய நேரம் பார்த்து 'உஸ்ஸ்' என்றது.

"என்னக்கா, கேஸ் லீக்காகுதா?" என்றார் ட்ரம்ஸ்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அக்கா முகத்தைப் பார்த்த பிறகு சிரித்திருக்க வேண்டாம் என்று பட்டது.

கிடார் வாசிக்கிறவர் லேப்டாப் பழசு என்றார். மாஸ்டர், பழக்கம் போதாது என்றார். பாடகி மட்டும், "பழைய கீபோர்டே நல்லாத்தான்க்கா இருந்துச்சு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார், ஆனால் அக்காவுக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது.

வீட்டில் மறுபடி ஹெட்போனை மாட்டினால் அதே அரங்கம், அதே வயலின்கள். அக்காவுக்குத் தன் காதின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. விமர்சனக் காணொளிகளை வரிசையாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரே காட்சி. ஹெட்போன் மாட்டிய ஒருவர், ஒரு கட்டையை அழுத்துகிறார், கண்ணை மூடுகிறார், 'அடடா' என்கிறார், அடுத்த ஒலிக்குப் போகிறார். ஒருவராவது கூட ஒரு ட்ரம்ஸ் வைத்துக்கொண்டு, ஒரு ஹாலில், ஸ்பீக்கர் வழியாக வாசித்துக் காட்டவில்லை. "சோறு நல்லா இருக்கான்னு கேட்டா, தட்டு எவ்வளவு பளபளன்னு இருக்கு பாருங்கிறானுங்க" என்று என்னிடம் பொருமினார்.

நான்காம் நாள் எங்கள் சவுண்டுக்காரரின் கடைக்கே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனார். அக்கா வயதுதான் அவருக்கும். பேச்சு குறைவு. ஒலியைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, ஒரு பொத்தானைத் தட்டினார். விரிந்து கிடந்த வயலின்கள் சட்டென்று சுருங்கி முணுமுணுப்பாகின.

"என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுமில்ல. இடது வலது ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்தேன். ஹால்ல நான் இதைத்தான் பண்றேன். எங்கிட்ட உங்களுக்கு இருக்கிறது ஒரே லைன்."

"சேர்த்தா ரெண்டு மடங்கால்ல ஆகணும்?"

"சாதாரணமா ஆகும். இதுல அகலமாக் கேக்கணும்னு ரெண்டு பக்கமும் வேணும்னே கோணலாப் பண்ணி வச்சிருக்கான். சேர்த்தா ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்குது. ஒரு கதவை ஒருத்தர் தள்ள, அந்தப் பக்கம் இன்னொருத்தர் தள்ளுற மாதிரி. மேல எதிரொலி வேற தாராளமா ஊத்தியிருக்கான்."

அக்கா வீட்டுக்கு வந்ததும் எதிரொலியை அணைத்தார். அகலத்தைச் சுருக்கினார். அலங்காரம் எல்லாம் கழன்றதும் உள்ளே இருந்த வயலின் வெளியே வந்தது. தகர டப்பாவுக்குள் மாட்டிய கொசு மாதிரி இருந்தது என்றார்.

இந்த இடத்தில் அக்காவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கச்சேரிக்கு வரும் முன்னால் அவர் ஆறு வருடம் ஒரு இசைக்கருவிக் கடையில் வேலை பார்த்தவர். வாங்க வருகிறவர்களுக்குக் கீபோர்டை வாசித்துக் காட்டும் வேலை. நடுவில் இருக்கிற கட்டைகளைத் தாண்டாதே, எதிரொலியை ஏற்றி வை, எதிராளி யோசிக்கத் தொடங்குவதற்குள் அடுத்த ஒலிக்குப் போய்விடு. இவைதான் முதலாளி சொல்லிக்கொடுத்தவை. அக்கா அதில் கெட்டிக்காரி. ஒருமுறை ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், வாங்கிப்போன கீபோர்டைத் திரும்பக் கொண்டுவந்து, "நீங்க வாசிச்சா நல்லா இருக்கு, என் வீட்டுல இது வேற மாதிரி கத்துதும்மா" என்று நின்றாராம். கொஞ்ச நாள் ஆனால் சரியாகிவிடும் என்று சொல்லி அக்கா அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். "அந்த மனுஷன் முகம் இப்பத்தான் ஞாபகத்துக்கு வருது. நான் பண்ணினதையே எனக்குப் பண்றானுங்க. அதுகூடப் பரவாயில்லை, நான் போய் விழுந்தேன் பாருங்க, அதுதான் தாங்கலை" என்றார்.

ஏழாம் நாள் இன்னொன்று நடந்தது. அக்காவின் கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். பாட்டுக்கும் அவருக்கும் வெகு தூரம். மனைவியின் கச்சேரிக்கு வந்தால் முதல் பாட்டு முடிவதற்குள் நாற்காலியில் தூங்கிவிடுவார். அன்று வேலை முடித்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். அக்கா சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து, வயலினில் ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்தபடி இருந்தார். எதுவோ சரியில்லை என்று தெரிகிறது, எது என்று சொல்லத் தெரியவில்லை.

"ஃபேன் இறக்கை எங்கேயோ தட்டுது பாரு" என்றார் கணவர்.

"ஃபேனே ஓடலைங்க."

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே அருகில் வந்தார். "அப்ப இதுலதான். கையை எடுக்காத. கேளு... இப்போ. ...இப்போ. ...இப்போ." ஒவ்வொரு 'இப்போ'வுக்கும் மேஜையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டோடு சேர்ந்து கேட்டபோது அக்காவுக்கும் பளிச்சென்று கேட்டது. இரண்டரை வினாடிக்கு ஒருமுறை, ஒலிக்குள் சின்னதாக ஓர் இடறல். யாரோ வாசித்ததைத் துண்டாகப் பதிந்து, அந்தத் துண்டின் வாலையும் தலையையும் ஒட்டிச் சுழலவிட்டிருந்தார்கள். ஒட்டின இடம் சுத்தமாக இல்லை.

"கம்ப்ரஸர்ல இப்படிக் கேட்டா நான் அந்த ஃப்ரிட்ஜை வாங்காதீங்கன்னு சொல்லிடுவேன்" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிட உட்கார்ந்தார்.

தன் சந்தேகம் வீணில்லை என்று அக்காவுக்கு நிம்மதி. ஆனால் இருபத்தாறு வருடம் காதை நம்பிப் பிழைத்தவருக்கு அது பிடிபடாமல், ஃப்ரிட்ஜ் பார்க்கிறவருக்குக் கை கழுவும்போது பிடிபட்டதே என்று எரிச்சல். அன்று இரண்டு பேருக்கும் பேச்சே சரியாக ஓடவில்லை. அவருக்கோ தான் என்ன தப்புச் செய்தோம் என்றே புரியவில்லை.

கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். எந்த ஒலி, எந்தக் கட்டை, எத்தனை வினாடிக்கு ஒருமுறை என்று எல்லாம் விவரமாக. பத்தே நிமிடத்தில் பதில் வந்தது: ஒலியளவைக் கூட்டுவது எப்படி என்று விளக்கும் ஒரு பக்கத்தின் முகவரி. மறுபடி எழுதினார். கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள் என்று வந்தது. மூன்றாவது கடிதத்துக்கு, தங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியமானது என்று பதில். சரி, விமர்சனக் காணொளி ஒன்றின் கீழே கேட்டுப் பார்ப்போம் என்று கேட்டார். முன்பின் தெரியாத ஒருவன், 'முதல்ல காதைக் கழுவிட்டு வாங்க' என்று எழுதியிருந்தான். அதற்கு நாற்பது பேர் கைதட்டியிருந்தார்கள்.

"தூக்கிப் போட்டுட்டு வேற பாருங்கக்கா" என்றேன்.

"எதைப் பாக்க? விலை குறைஞ்சதுல ஒண்ணு, இலவசமா ஒண்ணு, ரெண்டையும் பாத்துட்டேன். இலவசத்துல ஒரே ஒரு பியானோ நல்லா இருக்கு. இதைவிடவே நல்லா இருக்கு! மத்ததெல்லாம் பொம்மை. அடுத்த கச்சேரிக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு. இந்தத் தோளை வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்?"

பிறகு அவர் செய்த காரியத்தைத்தான் நான் யாரிடமும் பெருமையாகச் சொல்வேன். வீட்டில் ஒற்றை ஸ்பீக்கர் வைத்த பழைய ரேடியோ ஒன்று இருந்தது. லேப்டாப்பை அதில் இணைத்தார். ஹெட்போனை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். எங்கள் கச்சேரிப் பதிவு ஒன்றைப் பக்கத்தில் போனில் ஓடவிட்டு, அதன் கூடவே ஒவ்வோர் ஒலியையும் எதிரொலி இல்லாமல் வாசித்துப் பார்த்தார். மேல் கட்டை, நடுக் கட்டை, கீழ்க் கட்டை. மெதுவாக ஒருமுறை, அழுத்தி ஒருமுறை, நீட்டிப் பிடித்து ஒருமுறை. நிமிடத்துக்கு ஒருதரம் அந்த 'உஸ்ஸ்' வந்து எல்லாவற்றையும் கலைக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தொடங்குவார். பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் வந்து, "ரேடியோ ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஐந்து நாளில் எழுநூறுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டு முடித்தார். அதற்குமேல் காது மரத்துவிட்டது. எழுநூறில் இருபத்துமூன்று தேறின. அவற்றையும் இளக்காரமாகச் சொல்லமுடியாது. ஓர் ஆர்கன், அதட்டினால் எழுந்து நிற்கிற மாதிரி இருந்தது. ஊதுகருவிகளின் கூட்டம் ஒன்று, அலங்காரம் எதுவுமில்லாமல் கணீரென்று நின்றது. பழைய கீபோர்டில் இப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று அக்காவே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளும்போதும் கோபமாகத்தான் ஒப்புக்கொண்டார்.

கணவர் கேட்டார்: "இருபத்துமூணுக்கா இவ்வளவு காசு?"

"பழைய பெட்டியில அறுநூறு இருந்துச்சுங்க. அதுல நான் வாசிச்சது மொத்தமே பதினாலு."

"அப்ப இது லாபம்தானே?"

"எப்படி லாபம்? ரெண்டாயிரத்து நானூறுன்னு சொல்லித்தானே விலை போட்டிருக்கான்? இருபத்துமூணுன்னு உண்மையைச் சொல்லி வித்திருந்தா நான் அதே காசை மனசாரக் குடுத்திருப்பேன். இப்ப ஏமாந்துபோய்க் குடுக்கிற மாதிரி இருக்கு."

"குடுக்கிற காசு ஒண்ணுதானே?"

"காசு ஒண்ணுதான். குடுக்கிற நான் ஒண்ணு இல்லையே!"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

பதிமூன்றாம் நாள் மாலை, கடிகாரத்தில் நாற்பது நிமிடம் பாக்கி இருக்கும்போது அக்கா வாங்க உட்கார்ந்தார். வங்கியிலிருந்து வரவேண்டிய ரகசிய எண் வரவில்லை. பால்கனிக்கு ஓடினார், சிக்னல் இல்லை. மாடிப்படியில் நின்று போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார், தூக்கக் கூடாத கையால். எண் வந்தது. உள்ளே வந்து அடிப்பதற்குள் காலாவதி. மூன்றாவது தடவை, கடிகாரம் நான்கு நிமிடத்தில் இருக்கும்போது, ஒருவழியாகப் பணம் போய்ச் சேர்ந்தது. வியர்த்து வழிய நாற்காலியில் சாய்ந்தார்.

மறுநாள் காலை, ரசீதை எடுப்பதற்காக அந்தப் பக்கத்தைத் திறந்தார். தள்ளுபடி முடிய இன்னும் பதிமூன்று நாள் என்று கடிகாரம் புதிதாக ஓடிக்கொண்டிருந்தது. அதே விலை.

கணவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்கு அன்று முழுக்க அவருக்கு வீட்டில் காபி கிடைக்கவில்லை.

ஒரு தொழிற்சாலையின் ஆண்டு விழாவில் கச்சேரி. அக்கா அந்த இருபத்துமூன்றுக்குள்ளேயே புழங்கினார். இலவசப் பியானோவையும் சேர்த்துக்கொண்டார். இடையிசைகள் தெளிவாகக் கேட்டன. ஆர்கன் வந்த இடத்தில் கடைசி வரிசைவரை தலைகள் நிமிர்ந்ததை மேடையோரத்தில் இருந்து நான் பார்த்தேன். முடிந்ததும் மாஸ்டர் முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தார்.

"பாத்தீங்களாக்கா? நான் சொன்ன மாதிரி அழுத்தி வாசிச்சதும் எப்படி வந்துச்சு!"

அக்கா வாயைத் திறந்தார். அத்தனை ஒலியைக் கேட்டுக் கழித்த கதை முழுவதும் அவர் நாக்கின் நுனிவரை வந்ததை நான் பார்த்தேன். "சரிங்க மாஸ்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வயரைச் சுருட்டத் தொடங்கினார். இழுத்த இழுப்பில் அது அறுந்துபோகாததுதான் ஆச்சரியம்.

அடுத்த வாரம், அந்த மென்பொருளை விற்கும் பக்கத்திலேயே அக்கா ஒரு விமர்சனம் எழுதினார். ஐந்து நட்சத்திரத்துக்கு இரண்டரை. ஹெட்போனில் எப்படி, ஹாலில் எப்படி, இடறுகிற வயலின் எது, தேறிய இருபத்துமூன்று எவை, ஓடி முடியாத கடிகாரம், எல்லாம். என்னிடம் காட்டி, எழுத்துப் பிழை மட்டும் பார்க்கச் சொன்னார். நான் 'மோசடி' என்ற சொல்லை எடுக்கச் சொன்னேன். "எடுக்க மாட்டேன்" என்றார்.

முதலில் வந்தவை எல்லாம் வசவு. பிறகு ஒரு பெண் எழுதியிருந்தார். எங்கோ ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் தினமும் வாசிப்பவராம். 'எனக்கும் இதே கதிதான். என் கைதான் போய்விட்டது என்று நினைத்து வேலையை விடவிருந்தேன்' என்று இருந்தது. அக்கா அதை இரண்டு தடவை உரக்கப் படித்தார்.

கம்பெனியிலிருந்தும், முதல்முறையாக ஒரு மனிதர் எழுதியது போன்ற கடிதம் வந்தது. கடிகாரத்தைப் பற்றிய பத்தியை எடுத்துவிட்டால் கூடுதலாக அறுநூறு ஒலிகள் இலவசமாகத் தருகிறோம் என்றார்கள்.

"இன்னும் அறுநூறா!" என்று அக்கா அலறியது எனக்குப் போனில் கேட்டது. அவர் எழுதிய பதில் ஒரே வரி: அறுநூறு வேண்டாம், அந்த வயலினைச் சரிசெய்யுங்கள். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அக்காவுக்கு இதுவே வேலையாகிவிட்டது. பள்ளி அரங்கம், பிரார்த்தனைக் கூடம், நடனப் பயிற்சிக்கூடம் என்று எங்கெங்கோ வாசிப்பவர்கள், எங்களுக்கு எது தேறும் என்று கேட்டு எழுதுகிறார்கள். அக்கா அந்தப் பழைய ரேடியோவின் முன் உட்கார்ந்து, மீதமிருக்கும் ஒலிகளை இருபது முப்பதாகக் கேட்டுப் பதில் போடுகிறார்.

"கம்பெனிக்காரன் பண்ணவேண்டிய வேலையை நான் சம்பளமில்லாமப் பண்றேன்" என்று போன வாரமும் திட்டினார். திட்டிக்கொண்டே, நடனக்கூடத்துக்காரருக்கு எழுதிய கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வியைச் சேர்த்தார்: உங்கள் அறைக்கு மரத்தரையா, சிமெண்டுத் தரையா?